பங்குனி முதல் ஆனி வரை: சும்மா இருக்கும் ட்ரோன் பேட்டரியைக் காப்பாற்றுவது

திருவாரூர், மன்னார்குடி பக்கம் வயலுக்கு ட்ரோனில் மருந்து அடித்துக் கொடுப்பவர்களுக்கு வருடம் முழுக்க வேலை இருக்காது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் ஆடியில் குறுவைக்கு அடிக்க ஆரம்பிப்போம். அப்புறம் சம்பா, தாளடி. சம்பா தரிசில் உளுந்து, பயறு போட்டவர்கள் பூக்கிற நேரத்தில் டிஏபி உரக் கரைசலோ பயறு ஒண்டர் என்கிற சத்துக் கலவையோ தெளிக்கக் கூப்பிடுவார்கள். மாசி கடைசியில் அதுவும் ஓய்ந்துவிடும். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனியில் பாதி வரைக்கும் மிஷின் மூலையில் கிடக்கும். நான் பார்த்த வரையில், பேட்டரி பெரும்பாலும் கெடுவது இந்த மாதங்களில்தான். பறந்து பறந்து தேய்ந்து போன பேட்டரியைவிட, சும்மா இருந்தே வீணாய்ப் போன பேட்டரியை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலில் நாசில் அடைத்தால் கழுவிக்கொள்ளலாம், இறக்கை உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி அப்படி இல்லை. ட்ரோனுக்கு அடுத்து அதிகப் பணம் முடங்கிக் கிடப்பது அதில்தான். ஒழுங்காக வைத்துக்கொண்டால் சில நூறு தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். அந்தக் கணக்கை நம்பித்தான் ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறோம். ஒரு கோடையிலேயே ரெண்டு செட் (ஒரு செட் என்பது ஜோடியாக ஓடும் இரண்டு பேட்டரி) போய்விட்டால் அந்தக் கூலியில் மிச்சம் எதுவும் நிற்காது.

பக்கத்து ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ட்ரோனும் வாங்கினார். கைராசியான மனிதர், எந்த மிஷினையும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பார். ஆனி மாதம் போன் பண்ணி, “தம்பி, பேட்டரி எல்லாம் தலவாணி மாதிரி உப்பிக்கிச்சு, வந்து பாரு” என்றார். போய்ப் பார்த்தேன். தகரக் கொட்டகை, உள்ளே மரப் பலகையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். தூசி இல்லை, எலி கடிக்கவில்லை, பிளக் எல்லாம் புதிதாகவே இருந்தது. ஆனால் பேட்டரியின் இரண்டு பக்கமும் புடைத்து, மேலே சுற்றியிருந்த நீல உறை தையல் ஓரத்தில் பிளந்திருந்தது. விரலால் தொட்டால் உள்ளே காற்று அடைத்த மாதிரி மெத்தென்று அமுங்கியது.

“ஃபுல்லா சார்ஜ் போட்டுத்தானே தம்பி வச்சேன்? டிராக்டர் பேட்டரியக்கூட அப்படித்தானே வைக்கிறோம்?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. டிராக்டர் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் ஈய-அமில வகை. அதைச் சார்ஜ் இல்லாமல் போட்டால் தகட்டில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், அப்புறம் சார்ஜ் ஏறாது. அதனால் அதை எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும். தலைமுறையாக நம் கைக்குப் பழகிய பாடம் அதுதான். ட்ரோனில் இருக்கும் லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு அந்தப் பாடம் நேர்மாறு. நிரம்பிய நிலையில் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த உயரத்தில் உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும், வாயு உண்டாகும். அந்த வாயுதான் உப்பல். சூடு கூடக் கூட இந்தச் சிதைவு வேகம் பிடிக்கும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கு அடியில் மனிதன் கால் மணி நேரம் உட்கார முடியாது. அங்கே நிரம்பிய பேட்டரி மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

அதனால் நீண்ட நாள் வைக்கும்போது செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஏறக்குறைய பாதி சார்ஜ். எங்கள் பக்கம் ஓடும் ட்ரோன்களில் பெரும்பாலும் ஆறு செல் பேட்டரிகள்தான். அப்படியானால் ஒரு பேட்டரிக்கு மொத்தம் 22.8 முதல் 23.1 வோல்ட். இந்த இரண்டு எண்களையும் பேட்டரிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நேரத்தில் வீட்டில் யார் எடுத்தாலும் தெரிய வேண்டும்.

நல்ல சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று ஒரு மோடு இருக்கும். குறைவாக இருந்தால் ஏற்றும், அதிகமாக இருந்தால் இறக்கும். ஏற்றுவதில் பிரச்சினை இல்லை. இறக்குவதுதான் வேதனை. என்னுடைய பேட்டரி ஒன்று 22,000 மில்லி ஆம்பியர், 22.2 வோல்ட், அதாவது ஏறக்குறைய 488 வாட் மணி. பாதி இறக்குவது என்றால் 240 வாட் மணிக்கு மேல் வெளியே போக வேண்டும். சின்ன சார்ஜர்கள் இறக்கும் வேகம் இருபது வாட் சுற்றித்தான் இருக்கும். ஒரு பேட்டரிக்கே அரை நாள் ஆகிவிடும்.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி லாரி ஹெட்லைட் பல்ப். காருக்குப் போடும் 12 வோல்ட் பல்ப் ஆகாது, லாரிக்குப் போடும் 24 வோல்ட், 75 வாட் பல்ப் வேண்டும். நிரம்பிய ஆறு செல் பேட்டரி 25.2 வோல்ட், அதை அந்தப் பல்ப் தாங்கும். ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் தடிமனான ஒயரும், என் பேட்டரிக்குப் பொருந்தும் பிளக்கும் வைத்து ஈயம் பற்றவைத்துக் கொடுத்தார்கள். பல்பைச் செங்கல் மேல் வைத்து மாட்டிவிட்டால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், பேட்டரி பாதிக்கு வந்துவிடும். ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒயர் வந்து சேரும் சின்ன பிளக்கில், அதாவது பேலன்ஸ் பிளக்கில், குத்தி வைக்கிற சின்ன வோல்ட் அலாரம் மலிவாகக் கிடைக்கிறது. அதில் 3.8 என்று வைத்துவிட்டால் ஏதாவது ஒரு செல் அந்த அளவுக்கு இறங்கியதும் கத்தும். அது கத்துகிற தூரத்திலேயே நாமும் இருக்க வேண்டும். மாட்டிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டால், பேட்டரி காலியாகி அதற்குக் கீழேயும் போய்விடும். பல்பின் சூடும் சாதாரணச் சூடு இல்லை, பிளாஸ்டிக் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இன்னும் நல்லது, இறக்க வேண்டிய நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வது. வயலிலிருந்து திரும்பும் பேட்டரி ஆறியபின் செல்லுக்கு 3.7 சுற்றி நிற்கும். அதை நேராக ஃபுல் சார்ஜில் போடாமல் ஸ்டோரேஜ் அளவுக்கு ஏற்றி நிறுத்தினால் கொஞ்ச நேரத்து வேலைதான். சீசனிலும் இதைத்தான் பழக்கமாக வைத்திருக்கிறேன். அன்றன்றைக்கு வந்த பேட்டரி எல்லாம் சாயங்காலம் பாதிக்கு வந்து நிற்கும். மறுநாள் வேலை உறுதி என்று தெரிந்த பிறகுதான் மேலே ஏற்றுவேன்.

அதிலும் எல்லாவற்றையும் நிரப்புவதில்லை. ஆறு செட்டில் மூன்றை முதல் நாள் இரவு வீட்டு கரண்டில் நிரப்பிவிடுவேன். மீதி மூன்று பாதியிலேயே வயலுக்கு வரும். முதல் மூன்று பறந்துகொண்டிருக்கும்போது அவை ஜெனரேட்டரில் ஏறும். பாதியிலிருந்து நிரம்புவதால் நேரமும் கிட்டத்தட்டப் பாதிதான். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். ராத்திரி வானம் தெளிவாக இருக்கும், விடியற்காலையில் அடைமழை பிடித்துக்கொள்ளும், மூன்று நாளைக்கு வயலில் கால் வைக்க முடியாது. ஆறு செட்டும் நிரம்பியிருந்தால் ஆறையும் இறக்கியாக வேண்டும். மூன்று என்றால் பாதி வேலைதான். நிரம்பிய பேட்டரி ஓரிரு நாள் இருப்பதில் தவறில்லை. மூன்றாம் நாளும் வேலை இல்லை என்றால் இறக்குவதற்கு நான் பல்பை மாட்டிவிடுவேன்.

எத்தனை செட் வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டாலே விடை வந்துவிடும். பத்து லிட்டர் டாங்கி ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு, நம் பேச்சில் மூன்று மாவுக்கு. நிறைந்த டாங்கியோடு ஒரு செட் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பறக்கும். இறங்கிய பேட்டரி கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், ஆறக் கால் மணி முதல் இருபது நிமிடம். அப்புறம் பேட்டரியின் கொள்ளளவுக்குச் சமமான வேகத்தில், அதாவது 22 ஆம்பியரில் ஏற்றினால் ஒரு மணி நேரம். மொத்தம் ஒரு மணி இருபது நிமிடம். இடையில் மருந்து கலக்க, டாங்கி நிரப்ப, வரப்பு மாற நேரம் போகும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நிற்காமல் ஓட ஆறு செட் வேண்டும். காற்று இல்லாத காலை ஆறிலிருந்து பத்து மணி வரைதான் நல்ல வேலை நேரம் என்பதால் எல்லோருக்கும் அவசரம். நான்கு செட் வைத்துக்கொண்டு ஆறு செட் வேலையைச் செய்யப் பார்க்கும்போதுதான் சூடு ஆறாமலே சார்ஜில் போடுவது, ஆம்பியரைக் கூட்டி வைப்பது எல்லாம் நடக்கிறது. அந்த நான்கு செட்டும் அடுத்த வருடம் கையில் இருக்காது. ரெண்டு செட் கூட வாங்குவது செலவு மாதிரி தெரிந்தாலும் எல்லா செட்டுக்கும் ஆயுள் கூடுகிறது.

ஆற வைக்கிற விஷயத்தில் வயலில் பலவிதம் பார்த்திருக்கிறேன். வாய்க்கால் தண்ணீரில் முக்குகிறவர் உண்டு, ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறவர் உண்டு. இரண்டும் வேண்டாம். தண்ணீர் பிளக் வழியாக உள்ளே போகும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் மேலெல்லாம் வியர்க்கும். புங்க மரத்து நிழலில் பேட்டரிகளை இடைவெளி விட்டு நிறுத்தி, ஜெனரேட்டரில் ஒரு டேபிள் ஃபேன் போட்டுக் காற்று அடிக்க விட்டால் போதும். புறங்கையை வைத்துப் பார்த்து, உடம்புச் சூட்டைவிடப் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் சார்ஜுக்குத் தயார்.

எது பறந்தது, எது நிரம்பியது என்று குழம்பாமல் இருக்க நான் ரப்பர் பேண்ட் போடுகிறேன். நிரம்பிய பேட்டரியில் பிளக்கைச் சுற்றி ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட். ட்ரோனில் மாட்ட வேண்டுமானால் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பறந்து வந்ததில் ரப்பர் பேண்ட் இருக்காது. கூட வேலை செய்யும் பையனுக்கு இதை விளக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. பாதிப் பேட்டரியை நிறைந்தது என்று நினைத்து மாட்டிப் பத்து லிட்டரோடு தூக்கினால் வயல் நடுவில் இறங்கிவிடும், இந்த ஒரு வேலையால் அது நடக்காமல் இருக்கிறது.

சுழற்சி என்பதை நான் எண் வரிசையாகவே வைத்திருக்கிறேன். 1 முதல் 6 வரை பெயின்ட்டில் எழுதியிருக்கும், முந்தின நாள் நாலாம் எண்ணோடு முடித்திருந்தால் மறுநாள் ஐந்தில் தொடங்கும். கைக்கு வருவதை எடுத்தால் மேலே இருக்கும் ரெண்டு மூன்று செட் மட்டும் தேயும், அடியில் இருப்பது மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும்.

அதைவிட முக்கியம் ஜோடி. எங்கள் ட்ரோனில் இரண்டு ஆறு செல் பேட்டரிகள் தொடராக இணைந்து 12 செல்லாக ஓடும். 1அ, 1ஆ என்று எழுதியவை எப்போதும் ஒன்றாகவே ஏறி, ஒன்றாகவே பறக்க வேண்டும். ஏனென்றால் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் போகும், ஆனால் நலிந்தது முதலில் காலியாகும். பேட்டரி தனித்தனியாகத் தகவல் அனுப்பாத மாடல்களில் ட்ரோன் பார்ப்பது இரண்டின் மொத்த வோல்ட்டை மட்டும்தான். திரையில் 43 வோல்ட் காட்டும், நமக்கு நிம்மதியாக இருக்கும். உள்ளே ஒன்று 22.5-லும் மற்றது 20.5-லும் இருக்கலாம். நலிந்ததில் ஒரு செல் அதற்கும் கீழே போயிருக்கலாம். புதுப் பேட்டரியைப் பழையதோடு ஜோடி போட்டால் இதுதான் நடக்கும். ஜோடியில் ஒன்று போனால் மற்றதை ஒதுக்கி வைத்து, அதே வயதில் இன்னொன்று தனித்தால் சேர்க்கிறேன், இல்லையென்றால் சேர்ப்பதே இல்லை.

எந்த செட் நலிகிறது என்று கண்டுபிடிக்கச் சார்ஜரே போதும். ஒவ்வொரு செல்லின் உள் மின்தடையையும் மில்லி ஓமில் காட்டும் சார்ஜர்கள் இருக்கின்றன. புதிதாக வந்த அன்றே அந்த எண்களைக் குறித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. சூட்டில் தடை குறைந்து காட்டும் என்பதால் எப்போதும் ஒரே நிலையில், காலையில் ஆறிய பேட்டரியில் பார்ப்பது சரி. ஆறு செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஏறினால் அந்தப் பேட்டரிக்கு நிறை டாங்கி வேலை கொடுப்பதை நிறுத்திவிடுவேன். அரை டாங்கியில் வரப்பு ஓரம் அடிக்கவோ, புதிதாகப் பழகுகிறவர் தண்ணீர் வைத்துப் பறக்கவோ அது உதவும். சார்ஜ் முடிந்து ஒரு நாள் கழித்துச் செல்களுக்குள் 0.03 வோல்ட் வித்தியாசம் இருந்தால் கவலைப்படுவதில்லை. 0.1 வந்தால் தனியே எடுத்து வைத்துக் கவனிப்பேன்.

கோடைக்கு வைக்கும் இடம். எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு, நடு அறை பகலிலும் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே தரையில் செங்கல் பரப்பி, அதன் மேல் தகரப் பெட்டி. மூடி இறுக்கமாகப் பூட்டாது, வாயு வந்தால் வெளியே போக வழி இருக்க வேண்டும். ஆனால் எலி நுழையாத அளவுக்குத்தான் இடைவெளி. கிராமத்தில் எலியை மறந்து பேட்டரி வைக்க முடியாது, பேலன்ஸ் ஒயரின் மெல்லிய உறையை ஒரே இரவில் கடித்துவிடும், இரண்டு ஒயர் உரசினால் அங்கேயே ஷார்ட். பிளக்குகளுக்கு மூடி போட்டு, ஒயரை மடித்து டேப் ஒட்டி வைக்கிறேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல். வைக்கோல் போர், டீசல் கேன், சாக்கு எதுவும் அந்த அறையில் கிடையாது. ட்ரோனிலேயே மாட்டி விட்டுவிடுவதும் கூடாது, சின்னச் சின்ன மின்சுற்றுகள் துளித் துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கும்.

உள்ளே வைப்பதற்கு முன் பிளக்கை ஒரு தடவை நன்றாகப் பார்க்க வேண்டும். மருந்துக் கையோடு தொட்டுத் தொட்டு, பேலன்ஸ் பிளக்கின் முனைகளில் பச்சையாகப் பூத்திருக்கும். அப்படியே வைத்தால் ஆனியில் சார்ஜர் தப்பான வோல்ட் காட்டும். பெரிய பிளக்கில் மாட்டும்போது தீப்பொறி பட்டுக் கருகியிருந்தால் பிளக்கை மாற்றிவிடுவது நல்லது, கருகிய இடம் சூடாகிக்கொண்டே இருக்கும்.

அமாவாசைக்கு அமாவாசை பெட்டியைத் திறந்து அலாரத்தைக் குத்தி வோல்ட் பார்ப்பேன். நாள் மறக்காமல் இருக்க அது வசதி. நல்ல பேட்டரி மாதத்தில் கொஞ்சமே இறங்கும். 3.7-க்குக் கீழே வந்ததை மறுபடி 3.85-க்கு ஏற்றிவிடுவேன். மற்றவை அசையாமல் இருக்க ஒன்று மட்டும் மளமளவென்று இறங்கினால் அதில் உள்ளுக்குள் ஏதோ கசிகிறது, சீசனில் அதை நம்பக் கூடாது.

முழுக்க இறங்கிப்போன பேட்டரியை ‘எழுப்பித் தருகிறேன்’ என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. வேறு வகைப் பேட்டரிக்கான மோடில் வைத்துக் கொஞ்சம் மின்சாரம் தள்ளி, சார்ஜரை ஏமாற்றி ஏற்றுவார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். செல் மிகவும் கீழே இறங்கிக் கிடந்தால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் நிலை வரும். அது கடையில் எரியாமல், நம் வீட்டில் சார்ஜ் போட்ட இரவில் எரியலாம். அந்தப் புகை நச்சு, கிட்டே போய்ச் சுவாசிக்கக் கூடாது. இதே காரணத்தால்தான் எந்தப் பேட்டரியையும் ஆள் இல்லாமல் சார்ஜில் விடுவதில்லை. தூங்கும் அறையில் சார்ஜ் போடுவதும் கிடையாது, சிமென்ட் களத்து ஓரத் திண்ணைதான் அதற்கு இடம்.

கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் தம்பிகள், ‘எங்க பேட்டரி தானா இறங்கிக்கும்’ என்பார்கள். உண்மைதான். டிஜேஐ மேவிக் 3 போன்றவற்றின் பேட்டரி மூன்று நாள் சும்மா இருந்தால் 96 சதவீதத்துக்கும், ஒன்பது நாளில் 60 சதவீதத்துக்கும் தானே இறங்கும். ஆனால் வாரம் ஒரு தடவை நிரப்பி வைத்துக்கொண்டே இருந்தால் அந்த வசதி 60 வரை இறக்க இடமே கிடைக்காது. தெளிப்பு ட்ரோனில் ஓடும் சாதாரண பேட்டரிகளுக்கு அந்த மூளையும் கிடையாது, நாம்தான் பார்க்க வேண்டும்.

இன்றைக்கு ஊருக்கு ஊர் ட்ரோன் வந்துவிட்டது. நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் மட்டும் நாடு முழுக்க 15,000 மகளிர் குழுக்களுக்கு என்று அறிவித்தார்கள், ட்ரோனோடு கூடுதலாக நான்கு செட் பேட்டரியும் அந்தத் தொகுப்பில் உண்டு. வாங்கி வைத்த அன்றிலிருந்தே வயது ஏறும் பொருள் இது, பெட்டி பிரிக்காவிட்டாலும் ஏறும். அதனால் சொந்தக் காசில் உபரி செட் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: மாசியில் தள்ளுபடி என்று வாங்காதீர்கள், ஆனியில் வாங்குங்கள். உறையில் தயாரித்த மாதம் அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். கடையிலேயே அலாரத்தைக் குத்தி ஒவ்வொரு செல்லையும் பாருங்கள். 3.8 சுற்றி எல்லாம் சமமாக இருந்தால் கடைக்காரர் ஒழுங்காக வைத்திருக்கிறார். ஒரு செல் மட்டும் விலகி நின்றால் வேறு கேளுங்கள்.

அந்த அண்ணனின் பேட்டரிகளில் உப்பாத ஒரு ஜோடி மட்டும் தேறியது, அதுவும் அரை டாங்கிக்குத்தான். மற்றவற்றை வெட்டவெளியில் பல்பில் கடைசி வரைக்கும் காலி செய்து, முனைகளுக்கு டேப் ஒட்டினோம். குப்பையிலோ பழைய இரும்புக் கடையிலோ போட மனம் வரவில்லை. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுப்பது தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர் பொறுப்பு. வாங்கிய கடைக்கே பில்லோடு போய்ப் பேசினோம், எடுத்துக்கொண்டார்கள். புது செட் வந்ததும் அவர் முதலில் செய்தது, கொட்டகையிலிருந்த பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து வீட்டுக் கூடத்தில், வெயில் படாத மூலையில் போட்டதுதான்.